கரடித் தலைக்குள் பாஸ்வேர்டு

எங்கள் கடைக்குப் போன் செய்தால் முதலில் ஒரு பெண் எடுப்பாள். குரல் பட்டு நூல் மாதிரி மெலிசாக இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மேனேஜரிடம் கொடுக்கிறேன் என்பாள். கொஞ்சம் அமைதி. பிறகு மேனேஜர் வருவார். அவரும் பெண்தான், ஆனால் தொண்டைக்குள் சரளைக்கல் உருளும். பில் பற்றிக் கேட்டால் கணக்குப் பிரிவுக்கு மாற்றுவார். கணக்குப் பிரிவுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். உடைகள் எப்போது வரும் என்று கேட்டால் போக்குவரத்துப் பிரிவு. அது எப்போதும் எதையாவது மென்றுகொண்டேதான் பேசும்.

நான்கு பேரும் என் சித்தி.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "ஒரே ஆள்னு தெரிஞ்சா அதட்டுவாங்க. நாலு பேர்னா யாரை அதட்டறதுன்னு தெரியாம விட்டுடுவாங்க" என்றாள், வாயில் கவ்விய குண்டூசிகளை எடுக்காமலே.

நாடகத்துக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் கடை எங்களுடையது. டயர் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் அம்மாவின் மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலோரமாகச் சித்தியின் தையல் மெஷின். இரண்டாவது அறையில் சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பிகள். ராஜாக்கள், நீதிபதிகள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொங்குவார்கள். மூன்றாவது அறை மிருகங்களுக்கும் தலைகளுக்கும். ஒட்டு மீசைகளை பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, மேலே 'சாது', 'சந்தேகம்', 'வில்லன்' என்று எழுதி அடுக்கியிருப்பாள் சித்தி. கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் வாசனையும், வியர்வை நாற்றம் போகத் துணிகளில் அவள் தெளிக்கும் ஸ்பிரிட் வாசனையும் மூன்று அறையிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

அம்மாவும் சித்தியும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் அம்மா, தம்பியைக் கட்டியவள் சித்தி. கடை தாத்தா ஆரம்பித்தது. அப்பா இறந்த பிறகு இரண்டு பெண்களும்தான் நடத்துகிறார்கள். சித்தப்பா லிப்ட் மெக்கானிக். கடையில் அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது, ஏணி பிடிக்கிற உரிமை மட்டும் உண்டு.

சித்தி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு சிறுவர் நாடகத்துக்குக் கரடி வேஷம் போட வேண்டிய ஆள் வரவில்லை. தாத்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். புது மருமகள் கரடிக்குள் இறங்கி ஜிப்பை இழுத்துக்கொண்டாள். மேடையில் ஆடினாள், உருண்டாள், இறங்கி வரும்போது ஒரு நாய் நிஜமாகவே துரத்த, தெருமுனை வரை ஓடினாள். அன்றிலிருந்து நாடகக்காரர்களுக்கு அவள் 'கரடியக்கா'. அந்தக் கரடியின் உடம்பைப் பூச்சி அரித்துவிட்டது. தலை மட்டும் மூன்றாவது அறை அலமாரியில் இன்னும் இருக்கிறது. வீட்டின் முக்கியமான பொருள்கள் எல்லாம் அதற்குள்தான்: பீரோ சாவி, கேஸ் சிலிண்டர் ரசீது, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டு. பரம ரகசியமான இடம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் வீட்டில் உதவி செய்வது என்பது திருட்டு மாதிரி. யாரும் பார்க்காதபோது செய்ய வேண்டும், பிடிபட்டால் மறுக்க வேண்டும். அடுப்பில் எது கொதித்தாலும் மூன்று பேர் தனித்தனியாக வந்து, உப்பு மறந்திருப்பாளே பாவம் என்று ஆளுக்கு ஒரு கை போட்டுவிட்டுப் போவார்கள். சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார்கள். யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு தடவை சொட்டுகிற குழாயை ஆளுக்கு ஒரு தரம் ரகசியமாக இறுக்கி, கடைசியில் திருகு தனியாகக் கையோடு வந்தது. அதையும் யாரும் செய்யவில்லை. தானாகவே கழன்றதாம்.

நான் அந்தச் சமயம் வேறு ஊரில் வேலைப் பயிற்சியில் இருந்தேன். நடந்ததை மூன்று பேரும் தனித்தனியாக, மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, என்னிடம் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். வியாபாரம் கொஞ்ச நாளாகவே தேய்ந்துகொண்டு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. என் அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் நகரத்தின் பெரிய நாடக அரங்கு, வருகிற சீசன் முழுக்க எல்லா நாடகங்களுக்கும் உடை தர யாருக்கு விருப்பம் என்று விலைப்பட்டியல் கேட்டது. அம்மா ஒருநாள் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "இது வந்தா நடத்தலாம். வரலேன்னா சாத்திடலாம்." அம்மா ஒன்றை ஒரு தடவைதான் சொல்வாள்.

சித்தி மெஷினை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதித்தாளாம். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. படிப்பும் பாதியில் நின்றது. அந்த மூன்று அறைகளைத் தவிர வேறு உலகம் அவளுக்கு இல்லை என்று நான் எழுதினால், "எத்தனை ராஜா, எத்தனை ராணி என் கையில, இதவிட என்னடா உலகம்" என்று சண்டைக்கு வருவாள். ஆனாலும் எழுதுகிறேன், அதுதான் உண்மை.

நாடக அரங்கு ஒரு விதி வைத்திருந்தது. விலைப்பட்டியல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஈமெயிலில் வர வேண்டும், அதுவும் கடையின் சொந்த முகவரியிலிருந்து. நேரில் கொண்டுவந்தால் வாங்கமாட்டார்கள். போன வருஷம் யாரோ இன்னொரு கடையின் பெயரில் பொய்ப் பட்டியல் அனுப்பிக் குழப்பியதால் வந்த கட்டுப்பாடு.

சொந்த முகவரி எங்களிடம் இருந்தது. ஒன்றல்ல, நான்கு. சில வருஷங்களுக்கு முன்னால் சித்தி வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடும் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் கடைக்கு வெப்சைட் வைத்தபோது, மேனேஜர், கணக்கு, போக்குவரத்து, வரவேற்பு என்று நான்கு பேருக்கும் நான்கு ஈமெயில் முகவரி வாங்கிவிட்டாள்.

அதனால் திங்கட்கிழமை பட்டியலை அழகாகத் தயார் செய்து மேனேஜர் பெயரில் அனுப்பினாள். காபி கலந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் போன மச்சான் திரும்பி வந்துவிட்டான். பெறுபவர் ஏற்க மறுத்துவிட்டார் என்று ஒரு நீளமான ஈமெயில். மறுபடி அனுப்பினாள், மறுபடி வந்தது. கணக்குப் பிரிவு அனுப்பிப் பார்த்தது. போக்குவரத்து அனுப்பியது. எல்லோரும் வாசலோடு திரும்பினார்கள்.

சித்திக்கு முதலில் தோன்றிய காரணம், தான் எழுதிய வாசகம். எங்கள் தொழிலில் எழுதுவது அப்படி. 'போலீஸ்காரர்கள் இரண்டு, கொலைகாரன் ஒன்று, விதவைகள் மூன்று, வேனில் அனுப்புகிறோம். பிணத்துக்கு அளவு சொல்லவும்.' இதைப் படித்தால் எந்த மெஷின்தான் உள்ளே விடும் என்று நினைத்து, எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். காவல்துறை அன்பர்கள் இருவர். உயிர் பறிக்கும் தொழில் புரிபவர் ஒருவர். கணவரை இழந்த சீமாட்டிகள் மூவர். காலமான பெருந்தகை ஒருவர். அதுவும் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினாள். முதல் நிலை உதவியாளர் என்று கையெழுத்திட்டு ஒருவர் பதில் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார். போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் குரலில் போன் செய்து அழுத்திப் பேசியதும், இரண்டாம் நிலை நிபுணரிடம் இணைத்தார்கள். அவர்தான் விஷயத்தை விளக்கினார். எங்கள் வெப்சைட் தனி மெஷினில் இல்லை. ஒரே சர்வரில் நிறையக் கடைகளோடு சேர்ந்து குடியிருக்கிறது. அதில் யாரோ ஒரு குடித்தனக்காரர் ஊருக்கெல்லாம் வேண்டாத ஈமெயில்களைக் கொட்டியிருக்கிறார். அதனால் அந்த வீட்டிலிருந்து வருகிற எல்லோரையுமே உலகம் சந்தேகமாகப் பார்க்கிறது.

அந்தக் குடித்தனக்காரர் யார் என்று சித்தி கேட்டாள். சொல்ல முடியாது, ரகசியம் என்றார் நிபுணர். பல குடித்தனங்கள் இருக்கிற கட்டடத்தில் மாடிப்படியில் குப்பை போட்டது யார் என்று கூடத் தெரியாமல் ஒரு வீட்டுக்காரர் வாடகை வாங்கலாமா என்று கணக்குப் பிரிவின் குரலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாளாம். நிபுணர் மிரண்டுபோய், எங்கள் கடையை அன்றைக்கே வேறு சர்வருக்கு மாற்றிவிட்டார்.

சித்தி உற்சாகமாக மறுபடி அனுப்பினாள். திரும்பி வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, அது. இந்தத் தடவை காரணம் வேறு.

மூன்றாவதாக ஒரு மூத்த பொறியாளர் எழுதினார். ஒவ்வொரு கடைப் பெயருக்கும் ஓர் அனுமதி வரி உண்டாம். இந்தப் பெயரில் கடிதம் போட இந்த சர்வருக்கு மட்டும் உரிமை என்று அது ஊருக்குச் சொல்லும். நாங்கள் வீடு மாறிவிட்டதால் புது வரி வேண்டும். இதோ அந்த வரி, ஒட்டிவிட்டு ஒருநாள் காத்திருக்கவும். சித்தி கடையின் ஹோஸ்டிங் கணக்குக்குள் போய்ப் பார்த்தாள். பழைய வரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. வருஷக்கணக்காக உழைத்த வரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதைத் தொடாமல், கீழே புது வரியை ஒட்டினாள்.

அவள் எந்தத் துணியையும் தூக்கிப் போடமாட்டாள். கிழிந்த ராஜா பிச்சைக்காரனாக மாறுவான், பிச்சைக்காரன் கிழிந்தால் சோளக்கொல்லைப் பொம்மை. அந்தப் பழக்கம்.

ஒருநாள் காத்திருந்தாள். அந்த ஒருநாளில்தான் எங்கள் வீட்டு வழக்கம் உள்ளே புகுந்தது.

சித்தி டயர் கடைக்காரரிடம் சில்லறை மாற்றக் கீழே போன நேரம், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மூன்றாவது அறைக்குப் போனாள். கரடித் தலைக்குள் கையை விட்டாள். 'உரிமையாளர்' என்ற பெயரில் ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அவர்கள் அதே பதிலை, அதே வரியை அனுப்பினார்கள். அம்மா ஒட்டப் போனபோது அதே மாதிரி வரி ஏற்கெனவே அங்கே இருந்தது. அதனால் என்ன? பட்டனைக் கூட இரண்டு தரம் தைத்தால்தானே நிற்கும். இன்னொன்றை ஒட்டிவிட்டு, சீட்டைக் கரடிக்குள் வைத்துவிட்டு, மேஜைக்கு வந்து மறுபடி கால் வலி என்று உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் சித்தப்பா. ஏணியை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கரடி, சீட்டு, கம்ப்யூட்டர். 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று தனக்கே ஒரு பதவி கொடுத்துக்கொண்டு எழுதினார். அதே பதில், அதே வரி. அவர் போய்ப் பார்த்தபோது மூன்று வரிகள் இருந்தன. அவருக்கு அதில் துளியும் ஆச்சரியமில்லை. ஒரு லிப்டை ஒரே கயிற்றிலா தொங்க விடுவார்கள்? ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டாமா? நான்காவது கயிற்றைக் கட்டிவிட்டு, மறக்காமல் ஏணியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது. ஈமெயில் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அம்மா நீதிபதியின் வெள்ளை விக்கை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா தலைவலி என்று வேலைக்குப் போகாமல் ஏணிமேல் நின்று, நன்றாக எரிகிற ட்யூப் லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி ஒரு காலால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிட்டாள். பதற்றம் வந்தால் அவளுக்குத் தைக்க வேண்டும். எதைத் தைக்கிறோம் என்பது முக்கியமில்லை.

முதல் நிலை உதவியாளர் எடுத்தார். மேனேஜர் பேசினார். இரண்டாம் நிலைக்கு மாற்றினார்கள். கணக்குப் பிரிவு பேசியது, பிறகு போக்குவரத்தும் மென்றுகொண்டே பேசியது. மூத்த பொறியாளருக்கு மாற்றினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாருங்க" என்று ஆரம்பித்தார். அப்போது அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சென்றது.

சித்தியின் கால் நின்றது. மெஷினும் நின்றது. வேஷம் போடுவதையும் கலைப்பதையும் தவிர வேறு எதையும் வாழ்நாளில் பார்க்காத பெண் அவள். மேனேஜர், கணக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, சொந்தக் குரலில் கேட்டாள்.

"தம்பி, உங்க மூணு பேருக்கும் சேத்து ஒரே நாற்காலிதானா?"

அந்தப் பக்கம் நாற்காலி மட்டும் மெல்ல ஒரு தடவை கிறீச்சிட்டது.

"மூணு பேரும் தொண்டையைச் செருமித்தான் ஆரம்பிக்கறீங்க. மூணு பேரும் 'பாருங்க' சொல்றீங்க. தொப்பி மாத்தறது பெரிசில்லப்பா. நடையை மாத்தணும்."

பிறகு ஒரு சின்ன, இளமையான குரல் வந்தது. "நானும் ஒண்ணு கேக்கலாமா மேடம்? உங்க மேனேஜர், அக்கவுண்ட்ஸ், டிரான்ஸ்போர்ட், மூணு பேர் பக்கத்துலயும் ஒரே தையல் மெஷின் ஓடுதே, அது எப்படி?"

சித்தி சிரித்த சிரிப்பில் அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டாளாம். அந்தப் பையன் கம்பெனியில் ஒரே ஆள். கூட இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், முதலாளி புது ஆள் போடவில்லை. ஒரே ஆள் என்று தெரிந்தால் வாடிக்கையாளர்கள் பிய்த்துத் தின்றுவிடுவார்கள் என்று, அவனாகவே மூன்று நிலைகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறான். எழுதி வைத்த பதில்களை வெட்டி ஒட்டிக்கொண்டே நாளை ஓட்டுகிறான். யாருடைய கணக்கையும் திறந்து பார்க்க அவனுக்கு நேரமே இருந்ததில்லை.

"சரி விடு" என்றாள் சித்தி. "உன் பக்கம் மூணு, என் பக்கம் நாலு. ஏழு பேர் பேசி ஒண்ணும் நடக்கல. இப்ப நாம ரெண்டு பேர் மட்டும் பேசிப் பாப்போம். மதியத்துக்குள்ள இது போகலேன்னா எங்க கடை இருக்காதுப்பா."

கடைசி வரியை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அறை சின்னது.

பையன் முதல் தடவையாக எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தான். "அக்கா" என்றான், மேடம் போய்விட்டது. "இங்க நாலு அனுமதி வரி இருக்கே."

"நாலா? பழசு ஒண்ணு, நான் போட்டது ஒண்ணு."

"அப்புறம் ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கு மேல இருந்தாலே தப்பு அக்கா. ஒரே வீட்டுக்கு நாலு பேர் வந்து, நான்தான் வீட்டுக்காரன், நான்தான் வீட்டுக்காரன்னு நின்னா, வாட்ச்மேன் என்ன பண்ணுவான்? ஒருத்தரையும் உள்ள விடமாட்டான். அதான் நடக்குது. ஆமா, உங்க ஆபீஸ்லேர்ந்து உரிமையாளர்னு ஒருத்தர், தொழில்நுட்ப ஆலோசகர்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்களே. அவங்களும் நீங்கதான்னு நெனச்சேன்."

சித்தி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அம்மா நீதிபதியின் தலையைக் கர்மசிரத்தையாகச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு இல்லாத கையால். சித்தப்பா ஏணிமேல் ட்யூப் லைட்டுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோயிருந்தார்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் வீட்டில் பெரிய மரியாதை. போனில் மட்டும், "ரெண்டு பெரிய மனுஷங்க பாசத்துல பண்ணிட்டாங்க. மூணை எடுத்துட்டு ஒண்ணை மட்டும் விடு" என்றாள்.

பையன் எடுத்தான். கொஞ்சம் பொறுங்கள், ஊருக்கெல்லாம் சேதி போய்ச்சேர வேண்டும் என்றான். பொறுத்தார்கள். கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற மெஷின் நின்று நின்று ஓடியது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். பையன் போனை வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் நாற்காலி இருப்புக் கொள்ளாமல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இப்போ அனுப்புங்க அக்கா என்று அவன் சொன்னதும், சித்தி பழைய வாசகத்தையே போட்டாள். போலீஸ்காரர்கள் இரண்டு, கொலைகாரன் ஒன்று, பிணத்துக்கு அளவு சொல்லவும். போனால் நம் முகத்தோடு போகட்டும் என்று அனுப்பினாள்.

ஏணியிலிருந்து சித்தப்பா இறங்கி வந்தார். அம்மா முழங்கால் வலியை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமாகத் திரும்பி வருகிற நேரம் வந்தது. மச்சான் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார்கள். வரவில்லை.

பிறகு ஓர் ஈமெயில் வந்தது. மூன்று பேரும் திரைக்கு இன்னும் நெருங்கினார்கள். அது திரும்பி வந்தது இல்லை. நாடக அரங்கின் செயலாளர் எழுதிய பதில்.

சித்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாக அதைத் திறந்து, சந்தோஷத்தில் மேனேஜரின் சரளைக்கல் குரலில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தங்கள் விலைப்பட்டியல் உரிய நேரத்தில் கிடைத்தது. குழு பரிசீலித்து முடிவைத் தெரிவிக்கும். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது.

'நேற்று தங்கள் கடையின் மூத்த அம்மையார் இதே பட்டியலை நேரில் கொண்டுவந்தார். விதிப்படி வாங்க இயலாது என்றோம். கடை மூடப்பட்டால் தன் ஓரகத்திக்குப் போக்கிடம் இல்லை, தனக்கும் அவளை விட்டுவிட்டு எங்கும் போக மனமில்லை என்று சொல்லி, வரவேற்பறையிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இன்று காலை தபால்காரர் ஒருவர் அதே பட்டியலைப் பதிவுத் தபால் என்று கொடுத்தார். அவர் அணிந்திருந்த சீருடை, சென்ற ஆண்டு எங்கள் நாடகத்துக்குத் தாங்கள் வாடகைக்குத் தந்தது என்பதை, அந்த நாடகத்தில் தபால்காரராக நடித்த எங்கள் காவலாளி கண்டுகொண்டார். ஈமெயில் வந்துவிட்டபடியால், தயவுசெய்து இனி ஆள் அனுப்ப வேண்டாம்.'

'ஓரகத்தி' வரை மேனேஜர் குரல் இருந்தது. அதற்குப் பிறகு படித்தது சித்தியின் குரலும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். தபால்காரர் வந்த இடத்தில் அது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லையாம். எனக்கும் இதை எழுதும்போது வரவேற்பறையில் உட்கார்ந்த அம்மா கண்ணில் தெரிகிறாள், உடனே ஒட்டு மீசையோடு பதிவுத் தபாலை நீட்டுகிற சித்தப்பா ஞாபகத்துக்கு வந்து எல்லாம் கெட்டுப்போகிறது. 'சாது' டப்பாவிலிருந்து எடுத்த மீசை என்று பிறகு தெரிந்தது.

"எனக்கு அந்தப் பக்கம் வேற வேலை இருந்துச்சு" என்றாள் அம்மா.

"தபால்காரரா? யாரோ என்னவோ" என்றார் சித்தப்பா. அவர் மூக்குக்குக் கீழே பசை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

போனில் மறந்தே போயிருந்த பையன், "அக்கா, போயிடுச்சா?" என்று கேட்டான்.

"போயிடுச்சுப்பா" என்றாள் சித்தி. "எல்லாமே போய்ச் சேர்ந்துடுச்சு."

அடுத்த வாரம் முடிவு வந்தது. பாதி. போலீஸ், கொலை, விதவைகள் உள்ள நாடகங்கள் எங்களுக்கு. ராஜாக்கள் வேறு கடைக்கு. அம்மா சொன்னது முழு ஆர்டரைப் பற்றி. பாதி வந்தால் என்ன செய்வது என்று அவள் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் போன் செய்து, அப்போ எப்போம்மா கிளம்பறே என்று கேட்டான். கால் சரியாகட்டும் பார்க்கலாம் என்றாள் அம்மா. கால் சரியில்லாததால்தான் அவன் கூப்பிட்டான் என்பதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கரடித் தலைக்குள் இப்போது பாஸ்வேர்டு சீட்டோடு இன்னொரு சீட்டும் இருக்கிறது. 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் - மேனேஜர்' என்று எழுதியிருக்கிறது. ஹோஸ்டிங் பையன் வேலை சலித்துப்போகிற நாட்களில் கடைக்குப் போன் செய்து, கணக்குப் பிரிவின் ஜலதோஷம் தேவலையா என்று விசாரிக்கிறான். குரலோடு மூச்சையும் எப்படி மாற்றுவது என்று சித்தி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நாற்காலிக்கு எண்ணெய் போடச் சொன்னாள். அவன் போட்டுவிட்டான். இப்போது அவன் கம்பெனியில் ஐந்து நிலைகள் இருக்கின்றன.

ஆர்டர் வந்த அன்று சாயங்காலம், சித்தி மெஷினில் நூல் கோத்துக்கொண்டே, முகத்தை மிகவும் சீரியஸாக வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டாளாம். "பாதிதான் வந்திருக்கு அக்கா. பாதிக் கடையை மட்டும் சாத்திடலாமா?"

அம்மா நீதிபதியின் விக்கை ஆணியில் மாட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாயாடாம மொதல்ல அந்தப் பிணத்துக்கு அளவு எடு."